வெயில் படாத தோல்

"தலையப் பிடிங்க மகன். இடப்பக்கமாத் திருப்பணும்," என்றார் பக்கீர் முகைதீன். ஊரில் இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டுபவர் அவர்தான்.

ஜுனைட் தன் வாப்பாவின் தலைக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தான். ஆனால் திருப்பவில்லை. பல வருடங்களாக அந்தக் கழுத்தை வீட்டில் யாரும் தொட்டதில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் வாப்பா அச்சிமுகம்மது முழு உடம்போடுதான் திரும்புவார்.

மாவடிப்பள்ளி வயல்களில் வாலிபத்திலிருந்தே உழவு மெசின் ஓட்டியவர் அவர். முன்னால் வரம்பு, பின்னால் கலப்பை. வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடியேதான் உழவு. பிறகு பிடரியில் ஒரு நோவு கிளம்பி நெற்றிவரை வந்து இறுக்கத் தொடங்கியது.

"விரலுக்குள்ள எறும்பு ஓடுது, பாத்தும்மா. மண்டைக்குள்ள என்னவோ வளருது," என்று உம்மாவிடம் ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் விதுஷா பிடரியில் விரலை வைத்து அழுத்தினார். வாப்பா "அல்லாஹ்" என்று துடித்துப்போனார்.

"தலையில ஒண்டுமில்லை ஐயா. கழுத்தெலும்பு தேஞ்சு நரம்பை அழுத்துது. அந்த நோவுதான் மண்டைக்கும் கைக்கும் போகுது. திரும்பிப் பாக்காம உழ ஏலாதா?"

"பாக்காட்டி கலப்பை போற போக்குத் தெரியாதே, புள்ள."

கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டும் உழப் போனார். டொக்டர் சொன்னதை நம்பவேயில்லை. தலைதான் தன்னைக் கொண்டுபோகும் என்று பயந்தபடியே இருந்தார். இன்று விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுச் சாய்ந்தபோது நின்றுபோனது இதயம்.

"திருப்புங்க மகன். இனி நோகாது."

ஜுனைட் மெல்லத் திருப்பினான். எலும்பு தடுக்கவில்லை, முனகல் வரவில்லை. கழுத்து அவன் கையோடு வந்தது. தோளில் இடித்துக் கிடந்த வலப்பக்கத்து மடிப்பு விரிந்தது. உள்ளே ஒரு விரலகலத்துக்கு வெயில் காணாத தோல். முகமும் பிடரியும் கருகிக் கிடக்க, அது மட்டும் பிறந்த பிள்ளையின் தோலைப்போல வெளுத்து மினுங்கியது.

பக்கீர் முகைதீனின் கையில் தண்ணீர்க் கோப்பை அந்தரத்தில் நின்றது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார். பிறகு கோப்பையை நீட்டினார். "நீங்க ஊத்துங்க."

குளிப்பாட்டி முடிந்ததும் ஜுனைட் உள்ளே போனான். வெள்ளைச் சேலையில் சுவரோரம் இருந்த பாத்தும்மா அவனுடைய ஈரக் கைகளைப் பார்த்தாள்.

"கழுத்து திரும்பிச்சா?"

"ஓம் உம்மா. லேசாத் திரும்பிச்சி."

அவள் அந்தக் கைகளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நின்ற ஜுனைட்டுக்கு முன்னால் வாப்பாவின் ஜனாஸா. நான்காவது தக்பீர் முடிந்து, தொழுகையை முடிக்கும் ஸலாமை இமாம் கொடுத்தார்; முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். ஜுனைட் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினான். வரிசையின் கடைசிவரை பிடரிகள் தெரிந்தன. வெயிலில் கறுத்தவை, நரை படர்ந்தவை, புதிதாக முடி வெட்டியவை. பிறகு அத்தனையும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பி முகங்களாயின.

ஜுனைட் மட்டும் இன்னும் வலது தோளுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.