டைட்டேனியத்தில் ஏறிய மஞ்சள்

மேனுஜா என்ற பெயரைக் கேட்டாலே றுகையாவுக்கு வயிறு எரியும். றுகையாவின் கணவர் அப்துல் ஹமீட் கெம்பஸில் பௌதிகவியல் விரிவுரையாளர். மேனுஜா அவரோடு படித்தவள். இப்போது கொரியாவில் ஒரு ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். ஒருகாலத்தில் இருவருக்கும் கல்யாணம் பேசி, மருதமுனையில் பெண்ணுக்குச் சீதன வீடும் கட்டிய பிறகு அது குழம்பிப்போனது. அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் றுகையா அதை எட்டிப் பார்ப்பாள். மேல்மாடி, பச்சை கேட், டைல்ஸ் பதித்த முன்பக்கம். இவர் குடிபோயிருக்க வேண்டிய வீடு. சாய்ந்தமருதில் வாப்பா தனக்குக் கட்டித் தந்த ஓட்டு வீட்டை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன கிழமை கொரியாவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஹமீட் முற்றத்தில் நின்று போனில் கதைத்தது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த றுகையாவுக்கும் கேட்டது.

“கிடைச்சிட்டு மேனுஜா. கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறன்.”

கண்ணுக்குள் வைத்துப் பார்க்க அப்படி என்ன வந்துவிட்டது? அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் றுகையா பெட்டியைத் திறந்தாள். பஞ்சுக்குள் காசளவு வில்லை ஒன்று, பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அவர் ஆராய்ச்சி செய்வது டைட்டேனியத்தில் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு வைக்கிற உலோகம். அந்த வில்லைகள் வீட்டு மேசையிலும் கிடந்திருக்கின்றன. எல்லாம் சாம்பல் நிறம். இது பவுன். ஆராய்ச்சி என்று சொல்லிப் பேய்க்காட்டியிருக்கிறார்.

மறுநாள் வில்லையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கல்முனைக்குப் போனாள். அவளுடைய கல்யாண நகை செய்த பத்தர் குணத்தின் கடைக்குத்தான். குணம் அதை உரைகல்லில் தேய்த்தார். கோடே விழவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

“இது பவுனில்ல தங்கச்சி. பவுனெண்டா கல்லில மஞ்சள் புடிக்கும். அரத்தால ராவிப் பாக்கட்டா?”

“ஓம், ராவுங்க.”

நாலைந்து இழுப்பில் மஞ்சள் போய்ச் சாம்பல் தெரிந்தது.

“மேல மட்டுந்தான் மஞ்சள்,” என்றார் குணம்.

றுகையாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. கொரியாவுக்குப் போயும் முலாம் பூசின சாமான்தான் அனுப்ப முடிந்திருக்கிறது அவளுக்கு. வழியில் அரைக் கிலோ இறால் வாங்கினாள். வில்லையைப் பழையபடி பஞ்சில் வைத்தாள்.

பின்னேரம் ஹமீட் பெட்டியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இத ஆர் ராவின?”

“நான்தான் குணத்திட்டக் குடுத்துப் பாத்த. பவுன் அனுப்பிரிக்காவாக்கும் எண்டு நினைச்சன். வெறும் முலாம்.”

“முலாமில்ல புள்ள. அது நம்மட டைட்டேனியந்தான். நைதரசனை அயனாக்கி, மெஷினால வேகமா அதுக்குள்ள ஏத்தினது. அதாலதான் மஞ்சளாகும், தேயாம இறுகும். ஏறுற ஆழம் ஒரு மயிர்த் தடிப்பில ஆயிரத்தில ஒரு பங்கு. அரம் பட்டா என்ன மிஞ்சும்?”

“வேற இல்லையா?”

“மத்ததெல்லாம் அங்கேயே சோதனைக்குப் போயிட்டு. எனக்கெண்டு வந்த இது ஒண்டுதான்.”

றுகையா விடவில்லை. “உங்கட கூட்டாளிதானே. கேட்டா இன்னொண்டு அனுப்புவாதானே.”

ஹமீட் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“அவ முதல்ல என்னைத்தான் ஒரு வருஷம் கொரியாவுக்கு வந்து இதச் செய்யச் சொன்ன. உன்ன விட்டுட்டு ஏலா எண்டு நான்தான் மறுத்த. அதுக்குப் பிறகுதான், தன்ட வேலையோட சேத்து இதையும் செஞ்சு தந்தா. இனி அந்த மெஷின் வேணுமெண்டா ஆள் நேர போகணும்.”

உன்னை விட்டுவிட்டு ஏலாது என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்டதேயில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அவர் அவள் பக்கத்தில் இருந்தபடியே, ஸ்பீக்கரில் போட்டு மேனுஜாவுக்கு அழைத்தார். வில்லை பழுதாகிவிட்டது, கைதவறி நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். மனைவியின் பெயரை எடுக்கவில்லை.

“பரவாயில்ல ஹமீட்,” என்றாள் மேனுஜா. “இப்பவாவது வாங்க. தங்க ஒரு ரூம் நான் பாத்து வெக்கிறன்.”