ஓடையில் கிடந்த இராக்கம்மா

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஓவியர்களுக்கும் கவிஞர்களுக்கும் ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பெண் செத்துக் கிடந்தால்தான் அவர்கள் கண்ணுக்கு அழகு. ஒன்று அவள் பூவோடு தண்ணீரில் மிதக்க வேண்டும், இல்லையென்றால் காசநோயில் வெளுத்துச் சாக வேண்டும். பதுளைக் கண்காட்சிக்கு அதைத்தான் போட்டோ எடுத்து வரையப்போகிறேன் என்று, ஓவியம் படிக்கும் கெம்பஸிலிருந்து வந்து நின்றாள் இராக்கம்மாவின் நாத்தனார் சிவானுஜா.

"அண்ணி, நீங்கதான் பொணம்."

இராக்கம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைத் தனியாக யாரும் ஒரு போட்டோ எடுத்ததில்லை. மாமியார் வடிவம்மாவுக்கு அவள் எப்போதும் கருவாச்சி. குடும்பப் படம் எடுத்த அன்றுகூட, "ஓரமா நில்லு, படம் இருட்டாயிரும்" என்றவள் அந்த மகராசி. தான் அழகுதான் என்று ஒரு வாயாவது சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை இராக்கம்மாவை விட்டுப் போகவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஓடும் ஓடையில், கல்யாணச் சேலையோடு மல்லாந்து படுத்தாள். சிவானுஜா கழுத்தில் மாலை போட்டு, சுற்றிலும் காட்டுச் சூரியகாந்தியை மிதக்க விட்டாள். "அசையாதீங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு கெமராவோடு எதிர்ப் பாறையில் ஏறினாள். குளிர் எலும்பைத் தொட்டது. ஆனாலும் இராக்கம்மாவின் நெஞ்சு குதியாட்டம் போட்டது.

அந்த நேரம் பார்த்து விறகுக்குப் போன ஒருத்தி மேல்பாதையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாலை, பூ, அசையாத உடம்பு. வேறென்னதான் நினைப்பாள்? விறகைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் லயமே திரண்டு வந்தது. முன்னால் மாரில் அடித்துக்கொண்டு வடிவம்மா. பாறையிலிருந்து சிவானுஜா தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

"என் ராசாத்தி, தங்கச் சிலையாட்டம் கெடக்குறியே. ஒன் அழகுக்கு இந்த மலையில எவ இருக்கா?" என்று ஒப்பாரி வைத்தாள் வடிவம்மா.

இராக்கம்மா எழுந்துவிடத்தான் நினைத்தாள். அந்த வார்த்தை அவளைப் பிடித்துப் படுக்க வைத்தது. கழுத்தில் அட்டை ஏறியதுகூட உறைக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் வாய் தானாகச் சிரித்துவிட்டது.

ஒப்பாரி பாதியில் நின்றது. "அடி கருவாச்சி, எந்திரிடி!"

இராக்கம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். "மாட்டேன் அத்தை. செத்தவளுக்குச் சொன்னத உசுரோட இருக்கிறவளுக்கும் சொல்லுங்க. அப்பத்தான் எந்திரிப்பேன்."

கூட்டம் சிரித்தது. வடிவம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எல்லாரையும் ஒரு முறை முறைத்தாள். பிறகு தண்ணீரில் இறங்கிக் குனிந்து, மருமகள் கழுத்திலிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

"அழகுதாண்டி நீ" என்று முணுமுணுத்தாள். "எந்திரி, சளி புடிக்கும்."

"இன்னும் சத்தமா, அத்தை" என்றது பிணம்.