வலப்பக்கம் குத்திய மெடல்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த அழகுமலைக்கு வெகுநாளாகப் பெண் அமையவில்லை. கடைசியில் ராசிங்காபுரத்தில் ஓர் இடம் வந்தது. பெண்ணின் தகப்பனார் பேச்சிமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போனவனாக இருக்க வேண்டும்.

அழகுமலை பக்கத்து மலையூர் குரங்கணியைத் தாண்டியதில்லை. ஆனால் அவன் அக்கா குருவம்மாளின் புருஷன் ராக்கையா, பர்மாச் சண்டையில் கோவேறு கழுதை ஓட்டிவிட்டு வந்தவன். ஆறுமுனை நட்சத்திரமாக ஒரு மெடலும் வைத்திருந்தான்.

"ஒரு நாளைக்குத்தான கேக்குறேன். எம்பொறந்தவன் குடும்பமாகட்டும்" என்றாள் குருவம்மாள்.

"மெடலு என்ன மோதிரமா, இரவல் குடுக்க?"

"நீங்க பட்டாளத்துல இருந்தப்ப உங்க ஆத்தாளோட மல்லுக்கட்டுனது நானு. எனக்கு எவன் மெடலு குத்துனான்?"

ராக்கையா பெட்டியைத் திறந்தான். மெடலைக் கொடுத்தான். வாயைத் திறப்பதில்லை என்று சத்தியமும் செய்துவிட்டு அவர்களோடு பஸ் ஏறினான்.

பேச்சிமுத்து வந்தவர்களை உட்காரவைத்துப் பலகாரம் கொடுத்தார். மாப்பிள்ளையின் சட்டையையே உற்றுப் பார்த்தார்.

"சண்டையில என்ன சோலி பாத்தீக தம்பி?"

அழகுமலை ஆரம்பித்தான். அத்தனையும் ராக்கையா சொல்லிச் சொல்லிக் கேட்ட கதைதான். ஆனால் கழுதை குதிரையாகிவிட்டது. ராக்கையா சொன்னதில் மழையில் வழுக்கி விழுந்தவன் இப்போது குதிரைமேல் பாய்ந்து ஏறினான். ஜப்பான்காரர்கள் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். தன்னுடைய யுத்தம் கண்ணெதிரே இப்படிச் சீரழிவதைப் பார்த்த ராக்கையா, முறுக்கை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான்.

"எந்தக் கம்பெனி?" என்றார் பேச்சிமுத்து.

"பெரிய கம்பெனிங்க. மதுரைக்கெல்லாம் லோடு அனுப்புறோம்."

பட்டாளத்துக் கம்பெனியைக் கேட்ட பேச்சிமுத்து மீசையைத் தடவினார். "மெடல வலப்பக்கம் குத்தியிருக்கீகளே. செத்தவன் மெடலத்தான் சொந்தக்காரன் அந்தப் பக்கம் குத்துவான். உங்க வீட்டுல செத்தது யாரு?"

"ஒருத்தனும் சாகல! இந்தா, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல!" என்று ராக்கையா எழுந்துவிட்டான். முறுக்குத்தூள் நாலாபக்கமும் பறந்தது.

குருவம்மாள் தலையில் கைவைத்தாள். பேச்சிமுத்து விருட்டென்று உள்ளே போனார். அரிவாள் எடுக்கத்தான் போகிறார் என்று அழகுமலை வாசலைப் பார்த்து நகர்ந்தான். திரும்பி வந்தவர் கையில் அதே ஆறுமுனை நட்சத்திரம்.

"இம்பாலு ரோட்டுல சமையக்காரன் நான். நீங்க?"

"கழுதை ஓட்டி, அண்ணே."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இத எதுக்குக் குடுத்தான்னு நெனைக்கிறீக?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

"யாருக்குத் தெரியும்? குண்டு விழுகையில கழுதை வயித்துக்கடியில கெடந்தேன்."

"நான் அண்டாவுக்குள்ள!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு பேச்சிமுத்து நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். "எங்கூட ரொட்டி சுட்டான், மத்தாயின்னு ஒரு மலையாளத்துப் பையன். அவனுது அவுக ஆத்தாளுக்குப் போயிருக்கும்."

"எங்கூட இருந்ததுல ரெண்டு பேரு திரும்பல" என்றான் ராக்கையா.

பேச்சிமுத்து நட்சத்திரத்தைத் துண்டால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டுல சண்டையப் பத்திப் பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும்னுதான் பட்டாளத்துக்காரனாத் தேடுனேன். பொய் சொல்லி வந்தவனுக்குப் பொண்ணு கெடையாது."

அடுப்படிக் கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. பெண் வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஏப்பா, இவரு பட்டாளத்துக்கே போகலையா?"

"போகல ஆத்தா."

"நெசமாவா?"

"கட்டெறும்பு கடிச்சாலே ஊரக் கூட்டுவான்" என்றான் ராக்கையா. இனிச் சத்தியத்தைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

"அப்ப எனக்குச் சம்மதம்" என்றாள் வீரலட்சுமி. "விடிஞ்சா இம்பாலு, அடைஞ்சா கோகிமான்னு இங்கன கேட்டது போதும். போற வீட்டுலயும் அதையே கேக்கணுமா?"

பேச்சிமுத்து மகள் முகத்தைப் பார்த்தார். அழகுமலையைப் பார்த்தார். அவன் மெடலைக் கழற்றிக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். கடைசியாக ராக்கையாவைப் பார்த்தார்.

"நீங்க அப்பப்ப வந்து போவீகளா?"

"பஸ்சுதான் இருக்கே அண்ணே. வாராவாரம் வர்றேன்."

தை மாதம் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் பெண்ணின் தகப்பனாரைக் காணோம். குருவம்மாள் தேடிப் போனாள். மாட்டுக்கொட்டத்தில் சம்பந்தக்காரர்கள் இருவரும் நின்று, பர்மாவில் ஏதோ ஓர் ஆறு கிழக்கே ஓடியதா மேற்கே ஓடியதா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து வந்து பந்தலில் நிறுத்திய பிறகுதான் கெட்டிமேளம் கொட்டியது.