செத்த சொற்களுக்கு உதாரணம்

கையெழுத்துப் போடும்போது பெரியவர் கண்ணைக் காகிதத்துக்குக் கொடுப்பதில்லை. மெய்ப்புத் தாள்களைச் சீட்டுக்கட்டுபோல விசிறி, கீழ் மூலைகள் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்வார். மூலைக்கு மூலை ‘படித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டபடியே தொலைபேசியில் யாரிடமாவது சிரித்துப் பேசுவார். அகராதி அலுவலகத்தில் அந்த ஒரு சொல் இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த துணையாசிரியை அன்று மதியம் கணக்கெடுத்தாள். பதினெட்டுப் பக்கங்கள், பதினெட்டு ‘படித்தேன்’. அந்தப் பதினெட்டுப் பக்கங்களுக்குள் பெரியவர் நாற்பத்தொரு இடத்தில் இருந்தார். பெயரில்லாமல்தான். ஆனால் அவருடைய குடையும் மூக்குப்பொடியும் பொன்முலாம் பேனாவும் அப்படியே இருந்தன. தன்மீது விழுந்த ஒவ்வொரு செருப்படிக்கும் தானே ரசீது கொடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அவள் இருமி அதை மறைத்தாள்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியின் ஐந்தாம் பதிப்பு அது. போட்டி அகராதி ஒன்று தன்னிடம் அதிகச் சொற்கள் இருப்பதாக விளம்பரம் செய்துவிட்டதால், வழக்கொழிந்த சொற்களுக்கு ஒரு பின்னிணைப்புப் போடுவது என்று பெரியவர் முடிவெடுத்திருந்தார். வெறுங்கையால் முழம் போடுகிறவருக்குச் செத்த சொல்லானால் என்ன, உயிருள்ள சொல்லானால் என்ன, எண்ணிக்கை ஏறினால் சரி. அதில் ‘பி’ (be-) என்ற ஆங்கில ஒட்டை முன்னால் சேர்த்துப் பிறந்த பழைய சொற்கள் மட்டும் இருநூறுக்குமேல் இருந்தன. அந்த ஒட்டு தமிழ்க் காதில் எப்படி விழும் என்பதை நினைத்துப் பெரியவர் ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘அந்த எழுத்து’ என்பார். சொல்லட்டைகள் நிரம்பிய செருப்புப் பெட்டியைத் துணையாசிரியையின் மேசைக்கு நகர்த்தியபோதும் அப்படித்தான் சொன்னார்.

“ஏம்மா, அந்த எழுத்துல வர்றதெல்லாம் செத்த சொல்லு. எவனும் தேடப் போறதில்ல. நீயே ஒப்பேத்திரு.”

ஒப்பேற்றுவதற்குத்தான் அவள் பிறந்திருக்கிறாளா? ஆத்திரத்தோடுதான் பெட்டியைத் திறந்தாள். திறந்தபிறகு ஆத்திரம் போய் ருசி தட்டியது. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் எந்தப் பெயரையும் விடவில்லை. எதன் முன்னாலும் இந்த ஒட்டைப் போட்டு, ஆளை அதுவாக ஆக்கிவிட்டிருக்கிறார்கள். பிலார்ட் என்றால் பிரபுவே, பிரபுவே என்று அழைத்து ஒருவரைப் பிரபுவாக்குவது. பிமேடம் என்றால் சீமாட்டியாக்குவது. பிடாக்டர் என்றால் டாக்டர் பட்டம் சூட்டுவது. பிப்ரெய்ஸ் என்றால் தகுதி பாராமல் புகழ்ந்து தள்ளுவது. இவை எல்லாம் புழங்கிய காலத்தில் ஊர் முழுக்கப் பெரியவர்கள் நிறைந்திருந்தார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டாள்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். வழக்கில் கிடைக்காவிட்டால் ஆசிரியரே ஆக்கிக்கொள்ளலாம். அவள் ஆக்கினாள். பிலார்ட்: ‘குடை பிடிக்கவும் ஆள் தேடுகிற அந்த மனிதரை ஐயா, ஐயா என்றே பிரபுவாக்கிவிட்டார்கள்.’ பிடாக்டர்: ‘பேர் தெரியாத பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கிக் கொடுத்து, ஒரு வாக்கியம் பிழையின்றி எழுதத் தெரியாதவரை டாக்டராக்கினார்கள்.’ பிப்ரெய்ஸ்: ‘மூக்குப்பொடி போட்டுத் தும்மினாலும் ஆராய்ச்சி என்று புகழ்ந்தார்கள்.’ இப்படி மூன்று மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் மேசையில் தலைசாய்த்துக் கொட்டாவி விடும் நேரத்தில் அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவாள். இருபத்திரண்டு வருடத்தில் அத்தனை சந்தோஷமாக அவள் வேலை பார்த்ததில்லை.

அந்த இருபத்திரண்டு வருடத்தில் நான்கு பதிப்புகள் வந்திருந்தன. நான்கின் முகப்பிலும் பெரியவர் பெயர். முன்னுரையின் கடைசி வரியில் நன்றி: தாள் கொடுத்தவர், அட்டை வரைந்தவர், பெரியவரின் மைத்துனர், மற்றும் பலர். துணையாசிரியை அந்தப் பலரில் ஒருத்தி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவரை அவள் மனத்துக்குள் ஏசாத நாளில்லை. ஏச்சு மனத்தோடு சரி.

பெரியவர் பேசி முடித்துப் பேனாவை மூடினார்.

“ஏம்மா, இந்தப் பின்னிணைப்புக்கு மட்டும் தனியா ஒரு முகப்புப் பக்கம் போடச் சொல்லிட்டேன். ‘தொகுப்பும் உதாரணங்களும்’னு போட்டு, கீழ உன் பேரு.”

“என் பேரா, ஐயா?”

“பின்ன? நாளைக்கு எவனாவது வேலையத்தவன் இதுக்கு இது அர்த்தமில்லன்னு கடுதாசி போட்டா, நானா பதில் சொல்லிட்டிருப்பேன்? செத்ததுக்கெல்லாம் நான் பொறுப்பேத்துக்க முடியுமா? மூணு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும், கீழ சொல்லிரு.”

“ரொம்ப நன்றி, ஐயா.”

மனம் முந்துவதற்குள் வாய் சொல்லிவிட்டது. தன் வாயை அவள் அந்த நிமிடம் அருவருத்தாள்.

தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கும்போதுதான் விஷயம் உறைத்தது. இத்தனை வருடம் காத்த பெயர், கடைசியில் குப்பைக்கூடைக்கு மூடிபோல வந்து சேர்ந்திருக்கிறது. போகட்டும், பெயர் பெயர்தான். அக்காவிடம் காட்டலாம், அண்டை வீட்டில் காட்டலாம். ஆனால் என்னத்தைக் காட்டுவது? பெயரில்லாதவரை அது ரகசியச் சிரிப்பு. பெயர் போட்டுவிட்டால் அது தெருச்சண்டை. யாராவது ஒருவன் குடையையும் மூக்குப்பொடியையும் கூட்டிப் பார்த்துவிட்டால் போதும், கிழவி வயிற்றெரிச்சலை அகராதியில் கொட்டியிருக்கிறாள் என்பான். மணி ஒன்றே முக்கால். நாற்பத்தொன்றையும் மாற்ற நேரம் இருந்தது. ‘அரசன் புலவனைப் புகழ்ந்தான்’ என்பது மாதிரி உப்புச் சப்பில்லாமல் எழுதினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கீழ்த்தளத்தில் பக்கம் அமைப்பவள் விசைப்பலகைமேல் பிஸ்கட் தூள் உதிர்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தின் அளவு தெரியுமே தவிர எழுத்து தெரியாது என்று துணையாசிரியை அவளைப் பற்றி எப்போதோ முடிவுகட்டி வைத்திருந்தாள்.

“உதாரணத்தையெல்லாம் மாத்தணும். பெட்டிச் சொல் மட்டும்.”

“ஐயோ, வேண்டாம்க்கா! கீழ எல்லாரும் படிச்சாச்சு. தும்மல் ஆராய்ச்சிய நெனச்சு நெனச்சுச் சிரிச்சோம்.”

துணையாசிரியைக்குக் காது சுட்டது. “யாரைப் பத்தின்னு தெரிஞ்சுதா?”

“பெரியவரைத் தெரியாதா? அட்டகாசம்க்கா. ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன்.” அவள் நாற்காலியைத் திருப்பினாள். “எல்லா வாக்கியத்துலயும் அவரை யாரோ பிரபு ஆக்குறாங்க, டாக்டர் ஆக்குறாங்க, தலையில தூக்கி வெக்கிறாங்க. அவங்க யாருன்னு எழுதவே இல்லையே?”

“பொதுவா எழுதினது. ஊர்ல இருக்கிறவங்க.”

“ஊர்லயா? இங்க அவரை ஐயான்னு கூப்பிடுறது நீங்க ஒருத்தர்தானே. நாங்கெல்லாம் வெறும் சார்தான்.” கிண்டலாகச் சொல்லவில்லை. பிஸ்கட் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள். “எடுத்துக்குங்க.”

துணையாசிரியை ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தப் பட்டத்துக்கான நான்கு பக்க விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. வேறு யார் எழுதியது? பெரியவர் கேட்கக்கூட இல்லை, ‘யாராவது எழுதினா நல்லாருக்கும்’ என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் அதில் கொட்டினாள். பட்டம் வந்ததும் அறைக்கதவுப் பலகையில் ‘டாக்டர்’ எத்தனை அங்குலம் இருக்கவேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்ததும் அவள்தான். நான்கு முன்னுரைகளையும் எழுதியது அவள். ‘மற்றும் பலர்’ என்று எழுதியதும் அவள்தான். அடக்கமாக அப்படி எழுதிவைத்தால், அவர் படிக்கும்போது அதை அடித்துவிட்டு அவள் பெயரைப் போடுவார் என்று நான்குமுறை காத்திருந்தாள். படித்தால்தானே அடிப்பதற்கு! அவர் படிப்பதில்லை என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? தெரிந்துகொண்டே காத்திருந்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை இத்தனை நாள் அவருடைய கதை என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

பெரியவர்மீது இருந்த இளக்காரம் குறையவில்லை. அது அவருக்குத் தகும். ஆனால் அவர் சும்மா உட்கார்ந்திருந்த ஆள். சுமந்தவர்கள் உண்டே என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. பக்கம் அமைப்பவளுக்கு முன்னால் அழ அவள் தயாராக இல்லை.

“பிலார்ட் எடு,” என்றாள், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “‘ஆக்கிவிட்டார்கள்’ இருக்குல்ல, அதை எடுத்துட்டு ‘நான் அவரைப் பிரபுவாக்கினேன்’னு போடு. ‘இருபத்திரண்டு வருடம்’னும் சேத்துக்க.”

பக்கம் அமைப்பவள் அவள் முகத்தைப் பார்த்தாள். “முகப்புல உங்க பேரு வருதுக்கா.”

“அதனாலதான்.”

“டாக்டருக்கு?”

“விண்ணப்பத்தை எழுதினது நான்.”

“தும்மல்?”

“முதல்ல ஆராய்ச்சின்னு சொன்னது நான்.”

விசைகள் தடதடத்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவளுடைய குரல் தெளிந்துகொண்டே வந்தது, யாருக்கோ எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுப்பவள்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எங்கும் வாய் குழறவில்லை. இரண்டரை மணிக்கு மாடியிலிருந்து தொலைபேசி அடித்தது. பெரியவர் அறை எண் சிவப்பாக மின்னியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அது அடித்து ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடித்தது. பக்கம் அமைப்பவள் கையிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு அடுத்த சொல்லை உரக்கப் படித்தாள்.

“பிடன்ஸ். ஒருவரை மடையராக்குதல்.”

திரையில், பழைய உதாரணத்தை அழித்த இடத்தில், சின்னக் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. துணையாசிரியை கையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்து, மெதுவாக மென்று விழுங்கினாள்.

“அதுக்கு ஒரு வரி பத்தாது,” என்றாள். “அரைப் பக்கம் விடு.”