கடைசிப் பதினாறு பக்கங்கள்

1

படித்து முடிக்காத ஒரு நாவலுக்கு முப்பது வருடங்களுக்கு முன் மதிப்புரை எழுதினேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது. நாவல் 'கருங்கல்லின் நெடுந்துயர்', நானூறு பக்கம், அப்போதே இருபது வருடப் பழசு. எழுதியவர் எங்கள் ஊர் மருந்துக்கடை டாக்டர் பெலார்மீனு கிந்தேலா. (போர்ச்சுகலில் பட்டம் வாங்கியவர் எல்லோரும் டாக்டர்தான்.) 'தூக்க மருந்து கேட்டால் டாக்டர் ஒரு பிரதியை எடுத்துக் கொடுக்கிறார்' என்று பத்திரிகையில் எழுதினேன். ஊரே சிரித்தது. நான் படித்திருந்தது அறுபத்துநாலு பக்கம்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'லீமா ஆற்றின் மேல் மூடுபனி, ஆறாத ஒரு துயரத்தைப் போல…'

வேண்டாம். இது டாக்டரின் முதல் வரி மாதிரியே இருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் புத்தகங்கள் மடிப்பு வெட்டாமலே கடைக்கு வரும். பதினாறு பதினாறு பக்கமாக வாசகரே கத்தியால் மடிப்பைக் கிழித்துப் படிக்க வேண்டும். எங்கே கைவிட்டீர்கள் என்பதைப் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும். போன வருடம் நாவலுக்கு ஐம்பதாம் ஆண்டு விழா* எடுத்தார்கள். அதன் இறுதி அத்தியாயம் தன்னை உலுக்கிவிட்டதாக மேயர் முழங்கினார். அவருடைய பிரதி நகரமன்றக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. யாரும் திருட மாட்டார்கள் என்பதால் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. விரலை விட்டுப் பார்த்தேன். பதினாறாம் பக்கத்துக்கு மேல் அத்தனையும் மூடியே இருந்தது.

(* 1974 ஏப்ரல் கடைசி வாரம் வெளிவந்தது. சர்வாதிகாரம் கவிழ்ந்து, சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் பூச்செருகிய அந்த வாரத்தில், ஒரு கோவேறு கழுதையைப் பற்றி நாட்டில் யாருக்கும் கவலை இல்லை.)

நாவலில் வரும் அந்தக் கழுதையின் பெயர் ஃபிதால்கா. கண் பார்வை போய் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஃபிதால்கா கடைசில என்ன ஆனா?" ஊர் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டது. ஆட்கள் வருவது குறைந்தது.

3

டாக்டரின் மகள் கிராசியெத் என்னோடு பள்ளியில் படித்தவள். அப்பாவின் இதயம் இன்னும் சில வாரம்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார்களாம். இருநூற்றெட்டாம் பக்கத்தோடு தான் நின்றுவிட்டதை அவளே ஒப்புக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் கேக்குறாரு, என்கிட்ட மட்டும் கேக்க மாட்டேங்கிறாரு. அதான் வலிக்குது. கிண்டல் பண்ணவன் நீதானே, நீயே படிச்சு முடி. அவருக்கு ஒருத்தராவது உண்மையா பதில் சொல்லணும்."

பிறகு, இறந்துபோன தன் அம்மா தெயோலிந்தாவின் பிரதியைக் கொடுத்தாள். சமையலறையைக் காலி செய்யும்போது மாவு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து கிடைத்ததாம்.

4

படித்தேன். ஒரு மதில் சுவருக்குப் பதினோரு பக்கம். பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்க வாசகனுக்கு முழு உரிமை உண்டு என்று நானே மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். ஐம்பத்தேழு வயதில் இன்னும் எத்தனை புத்தகம் படித்துவிடப் போகிறேன்? நூற்று எழுபதாம் பக்கத்தில், நியாயமாக, நான்

நிறுத்தவில்லை. நிறுத்தவிடாதது நாவல் அல்ல, தாள்களின் ஓரங்கள். தெயோலிந்தா ரொட்டிக் கத்தியால் வெட்டியிருக்கிறார், பிசிறு பிசிறாக. ஓரிடத்தில் பக்கல்யாவ் கருவாட்டு வாடை. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் மாவு படிந்த கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு பதினாறு பக்கத்துக்கும் இதே அலுப்பு அவருக்கும் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்திருக்கிறார். இருபத்துநாலு முறை. யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பது வருடமாக வாசிப்பைப் பற்றி எழுதிப் பிழைத்த நான் அந்த ரேகையின் மேல் விரலை வைக்கக் கூசினேன்.

முந்நூற்று எண்பத்துநாலில், ஃபிதால்கா வெள்ளத்தில் கால் வைக்கிறாள். அதோடு சரி. கடைசி மடிப்பு மட்டும் வெட்டப்படவில்லை. வெளியே தெரியும் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயர்தான்.

ஏன் நிறுத்தினார்? அலுப்பா, முடிந்துவிடக் கூடாது என்ற எண்ணமா? இந்த இடத்தில் எழுத்தாளன் தெயோலிந்தாவின் மனதுக்குள் புகுந்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பின் போனேன். கிராசியெத் கதவருகே நின்றுகொண்டாள். பெயரைச் சொன்னேன்.

"ஓ, தூக்க மருந்து," என்றார் டாக்டர். "எத்தனாம் பக்கத்துல இருக்கே?"

"முந்நூத்தி எண்பத்திநாலு, டாக்டர்."

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "ஃபிதால்கா என்ன ஆனா?"

"ஆத்துல இறங்கிட்டா. அதுக்கு மேல உங்க வீட்டம்மா மடிப்பை வெட்டல."

"தெயோலிந்தாவா? அவ படிச்சாளா?" அவர் கை போர்வையில் எதையோ தேடியது. "எனக்கும் மறந்துபோச்சுப்பா. நான் எழுதினதுதான், ஆனா அந்தக் கழுத என்ன ஆச்சுன்னு ஞாபகம் வரல. யாராவது படிச்சிருந்தா சொல்லுவாங்கன்னு பாத்தா, எல்லாரும் மழையைப் பத்தியே பேசுறாங்க."

"பொண்ணுகிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா, படிக்கலன்னு அவ வாயால சொல்லணும். பாவம்."

கதவுப் பக்கம் நான் திரும்பவில்லை.

6

முடிவுகள்:

(அ) ஃபிதால்கா மூழ்குகிறாள். டாக்டர் அழுகிறார்.

(ஆ) கரையேறுகிறாள். டாக்டர் சிரித்தபடி கண்ணை மூடுகிறார். (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். மடிப்புக்குள் கத்தியை நுழைத்தேன். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மெதுவா. நல்லா இல்லன்னா நடுவுலயே நிறுத்திடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தாள் கிழிந்தது. ஐம்பது வருடம் வெளிச்சம் படாத பக்கங்கள், மற்றவை மஞ்சளாகிவிட்ட பிறகும் பால் வெள்ளையாக இருந்தன. மை வாசனை நேற்று அச்சடித்ததுபோல் வந்தது. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இரண்டாம் பக்கத்தில் கிராசியெத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஃபிதால்கா என்ன ஆனாள் என்று இங்கே எழுதப்போவதில்லை. நகரமன்றம் ஒன்பது மணிக்குத் திறக்கும். பெட்டிக்குப் பூட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கத்தி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.