மூன்று முறை கேட்ட சதக்கா

ஆபீசில் அவருக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர். அகராதி தயாரிக்கிற ஆபீஸ்தான். ஆனாலும் அந்தப் பெயர் வேலையால் வந்ததல்ல, குணத்தால் வந்தது. யார் என்ன பேசினாலும் விஷயத்தை விட்டுவிட்டு உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வார்.

அந்த மாதம் அவரைப் பிடித்து ஆட்டியது 'சதக்கா'. தர்மம் என்ற பொருளில் அரபியில் கிளம்பிய அந்தச் சொல், போன இடத்திலெல்லாம் அங்கங்கே இருந்த வாய்க்கு வளைந்துகொடுத்திருந்தது. உருதுவில் 'சத்கா', மலாயில் 'செடெக்கா'. ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக்கு மட்டும் பதிவு செய்யத் தாய்மொழிக்காரர் குரல் கிடைக்கவில்லை. துணி வாங்க வந்த, சுவாஹிலி பேசும் வெளிநாட்டு வியாபாரி ஒருவர், மனைவியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பாஷை தெரியாமல் தவிக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உதவி செய்வதற்கல்ல.

"சதக்கா" என்று இவர் எடுத்துக்கொடுத்ததுமே வியாபாரியின் முகம் மலர்ந்தது. "சடாக்கா! சடாக்கா!" என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி ஏதேதோ சொன்னார். சொல் சேகரிக்கிறவன் வாயைத்தான் பார்க்க வேண்டும், கையைப் பார்க்கக் கூடாது என்பது அகராதியின் சட்டம். எந்தச் சொல்லையும் மூன்று முறை பதிவு செய்வதும் அவர் வழக்கம். "இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டினார். மூன்றாம் முறை அந்த மனிதரின் குரல் உடைந்தது. கடைசிப் பதிவு சுத்தமாக வரவில்லையே என்று அகராதிக்கு வருத்தம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை, ஆபீசுக்கு வந்து சுவாஹிலி மொழிபெயர்க்கும் டீச்சரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினார். டீச்சர் பாதியிலேயே நிறுத்தினார்.

"என்ன சார் இது? 'என் மனைவிக்கு ரத்தம் வேணும், நான் குடுத்தது பத்தலை, சதக்காவா நெனச்சுக் குடுங்க'ன்னு கெஞ்சுறார். நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்."

சொல்லி முடிக்குமுன்பே அகராதி எழுந்துவிட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். பாவி மனுஷன், இந்த ஓட்டத்தை முந்தின நாள் ஓடியிருக்கக் கூடாதா!

ரத்தம் எடுக்கும் அறையில் போய் விழுந்து கையை நீட்டினார். "அந்த வெளிநாட்டுக்காரர் சம்சாரத்துக்கு. சீக்கிரம் எடுங்கம்மா."

நர்ஸ் தயங்கினாள். "அந்தம்மா விடியக்காலையே தவறிட்டாங்க சார்."

நீட்டிய கையை மடக்க அவருக்கு மனம் வரவில்லை. "யாருக்காவது குடுங்க. எடுத்துக்கோங்க."

பஞ்சால் துடைத்தபடியே அவள் பெருமூச்சு விட்டாள். "நேத்து வந்திருக்கலாமே சார். ஒருத்தர் கிடைச்சாப் போதும்னு அந்த மனுஷன் வார்டு வார்டா அலைஞ்சார்."

"நேத்து வந்திருந்தேம்மா" என்றார் அகராதி.