ஆண்கள் பக்கம்

ஆண்கள் பக்கம் பார்க்கும் தம்பி அன்றைக்கு லீவு போட்டுவிட்டதால், அவனுடைய நோயாளிகளும் அவள் தலையில் விழுந்தார்கள். பிசியோதெரபி கூடத்தின் குறுக்கே ஒரு மரத்தடுப்பு. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஒரு முழங்காலையும் ஒரு கழுத்தையும் முடித்துக் கை கழுவிவிட்டு, கடைசிக் கட்டிலின் திரையை விலக்கினாள். சட்டையைப் பாதி கழற்றி, வலது கையை அதிலிருந்து விடுவிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது அவள் கணவன்.

"நீங்க எங்க இங்க?"

மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலச் சிரிக்கப் பார்த்தான். "அந்தத் தம்பி இருப்பார்னு வந்தேன்."

"அம்மாகிட்ட யாரு?"

"பக்கத்து வீட்டு அக்கா. பேங்க் வரைக்கும் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சட்டையைக் கழற்றிவிட்டு, அவன் கையை மெதுவாக உயர்த்திப் பார்த்தாள். தோள் மட்டத்துக்கே வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டான். நேற்று இன்று வந்த வலி இல்லை இது. மாதக்கணக்கில் இறுகிப்போன மூட்டு.

அவன் பால் வண்டி ஓட்டுகிறவன். இருட்டோடு போய், அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் திரும்புவான். அவளுடைய அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பொடிந்து இவர்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, இருவருக்குள்ளும் பேச்சென்றால் வாசலில் நடப்பதுதான். மாத்திரை கொடுத்தாயிற்று, கஞ்சி அடுப்பில் இருக்கிறது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும் நர்சுகள்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிக்கொள்வார்கள். பகலெல்லாம் அம்மாவைத் தூக்கி நாற்காலியில் வைப்பது, திரும்பக் கிடத்துவது எல்லாம் அவன்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அத்தையத் தூக்காதீங்கம்ப. அப்புறம் நீதான் தூக்கணும்." சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாள் பூரா வலிக்குது வலிக்குதுன்னு கேட்டுட்டு வர்ற. வீட்டுக்குள்ள கால வெச்சதும் அத்தை ஆரம்பிச்சிடறாங்க. நானும் எதுக்கு?"

அவளுக்கு வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்தான் வாயில் வந்தன. எந்த வேலை செய்தால் வலி கூடுகிறது? விரல் மரத்துப்போகிறதா? எல்லோரையும் கேட்கும் அதே குரலில் அடுத்ததையும் கேட்டாள்.

"எந்தப் பக்கமா படுப்பீங்க?"

"இடது பக்கம்தான். வலப்பக்கம் திரும்பினா உயிர் போகுது."

தோளின் மேலிருந்த அவள் விரல்கள் நின்றன.

கட்டிலில் அவளுக்கு இடம் அவனுடைய வலப்பக்கம். எத்தனையோ நாளாக அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதை அவள் கவனித்துத்தான் வந்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை, வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் முதுகைக் காட்டுகிறான் என்று தானே முடிவுகட்டிக்கொண்டாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அதனால் அவளும் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரார் உடம்பையெல்லாம் தொட்டுப் பார்த்துச் சொல்கிற கை, ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தவனைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"நான் வேற என்னமோ நெனச்சிட்டேங்க" என்றாள்.

"என்ன நெனச்ச?"

அவள் சூடான ஒத்தட மூட்டையைத் துண்டில் சுற்றி அவன் தோளைச் சுற்றி அணைத்து வைத்தாள். "சூடு ஜாஸ்தின்னா சொல்லுங்க."

"இதமாத்தான் இருக்கு. ராத்திரியில தூக்கமே வர்றதில்ல, தெரியுமா? நீ முழிச்சிருக்கறதும் தெரியும். பேசலாம்னு தோணும். அலுத்துப்போய் கெடக்கறா, விடுன்னு..."

வாக்கியம் முடியவில்லை. தாடை தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராயிற்று. கிருதாவில் இவ்வளவு நரை எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திரைக்குக் கீழே ஒரு ஊன்றுகோலும் இரண்டு செருப்புக் கால்களும் வந்து நின்றன. யாரோ செருமினார்கள். ஊன்றுகோல் ஒருமுறை தரையைத் தட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.